பூ உள்பக்கமாக

டெல்ஃபினா நென்சியோனியின் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை அழிந்துபோயிருந்தது. இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி, நகத்தளவு மரத் துண்டுகளின் ஓரத்தை அதில் செருகிக் கருக்குவது அவள் வேலை. அந்தக் கருகல்தான் மரச்சாமானில் பதித்த பூவின் இதழுக்கு நிழல் தரும். அது இல்லையென்றால் பூ காகிதம் ஒட்டிய மாதிரி தட்டையாகக் கிடக்கும். மற்றவர்கள் துண்டுகளை இடுக்கியால் எடுப்பார்கள். மரம் எப்போது போதும் என்கிறது என்று இடுக்கிக்குத் தெரியாது என்பாள் டெல்ஃபினா. விரலாலேயே எடுப்பாள்.

எங்கள் வீடும் அவர்கள் பட்டறையும் சான் ஃப்ரெதியானோவில் ஒரே முற்றத்தைப் பார்த்திருந்தன. ஃப்ளோரன்ஸில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு அரக்கு வாசனையும் வஜ்ஜிரப் பசை காய்ச்சும் நாற்றமும் மூக்கில் ஏறவே ஏறாது. வெளியூர்க்காரர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். நென்சியோனி பட்டறையில் மூன்று பேர். தம்பி கொர்ராதோ அலமாரிக்குச் சட்டமும் பெட்டியும் செய்வான். அக்கா டெல்ஃபினா அதன் மேல் வினீர் ஒட்டுவாள், தாள் கனத்துக்குச் சீவிய மரத்தை வெட்டிப் பூவும் கொடியும் பதிப்பாள். கொர்ராதோவின் மனைவி ஆர்ஜியா அரக்கு பாலிஷ் போடுவாள். புதுச் சாமான் அவர்கள் அதிகம் செய்ததில்லை. இருநூறு வருஷத்துப் பழைய மேஜைகளும் அலமாரிகளும் வினீர் உரிந்து, புழு அரித்து வரும். வேறு கை பட்டது என்று யாரும் சொல்ல முடியாதபடி திரும்பிப் போகும்.

டெல்ஃபினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்தச்சன் இரண்டு வருஷம் முற்றத்துக்கு வந்து போனான். பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டான். அவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேச்சே குறைவு. அதற்கும் சேர்த்து ஆர்ஜியா பேசுவாள். வண்ணார் குடும்பத்துப் பெண், தெருவின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்து வம்புக்கு இழுப்பாள். நாத்தனாரை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் ஒத்துப்போயிற்று. கொர்ராதோவுக்கும் ஆர்ஜியாவுக்கும் ஒரே மகள், இல்வா. அம்மா பாலிஷ் போடும்போது குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது, ஸ்பிரிட் நெடி ஆகாது என்று அத்தையின் மேஜைக்கடியில் விட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, விழும் துண்டுகளைப் பொறுக்கி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருக்கும். நடக்கத் தொடங்கியதே அந்த மேஜைக் காலைப் பிடித்துத்தான்.

போர் நடந்துகொண்டிருந்தபோது, பெல்லோஸ்குவார்தோ மேட்டில் இருந்த நோட்டரி வீட்டு விதவை லாந்தீனி அம்மாள் ஓர் அலமாரியின் இரண்டு கதவுகளைக் கழற்றி அனுப்பினாள். அலமாரி வீட்டிலேயே நின்றது. கதவுகள் உள்ளே பாப்லர் பலகை, மேலே வால்நட் வேர்க்கட்டையின் வினீர். ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய தாள்களைப் புத்தகம் விரிப்பது போல் விரித்து ஒட்டியிருந்ததால், வலப்பக்கச் சுழிக்கு இடப்பக்கச் சுழி பதில் சொன்னது. ஒவ்வொரு கதவின் நடுவிலும் ஒரு ஜாடி, ஜாடி நிறையப் பூ, பூவுக்கு மேலே கிளையில் ஒரு பறவை. ஆனால் இவையெல்லாம் அழுக்கும் பழைய வார்னிஷும் ஏறி, தார் பூசியது போல் கறுத்திருந்தன. டெல்ஃபினா ஒரு கதவை எடுத்துக்கொண்டு, அழுக்கைச் சுரண்டி, விழுந்த துண்டுகளுக்கு எலுமிச்சை மரத்திலும் பேரி மரத்திலும் மாற்று வெட்டி, அதைத் தெளிய வைத்தாள். இரண்டாவது கதவைத் தொடுவதற்குள் வேலை நின்றுபோயிற்று. லாந்தீனி அம்மாள் மலைப்பக்கம் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பத்து நாலு ஆகஸ்ட் மாதம் ஜெர்மன்காரர்கள் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்பே ஆற்றங்கரை வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். பாயும் கோழியுமாக வந்தவர்களில் நாலைந்து குடும்பம் எங்கள் முற்றத்தில் தங்கிற்று. குழாயில் தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை. சமைக்க விறகு வேண்டும். கொர்ராதோ பட்டறைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் கொடுத்தான். பலகை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், பிள்ளைகள் கஞ்சி குடிக்கட்டும் என்றான்.

குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். இல்வாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முற்றத்தில் வேறு குழந்தைகளுக்கும் கண்டது, அவை பிழைத்துக்கொண்டன. இல்வா பிழைக்கவில்லை. ஒரு காலையில், ஆர்ஜியா நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. ஐந்து வயது.

சவப்பெட்டி செய்பவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. கல்லறைக்கும் போக முடியாது; தெருக்கோடிக் கன்னியர் மடத்தார் தங்கள் காய்கறித் தோட்டத்தில் இடம் தந்தார்கள். வெயில் அப்படி, சாயங்காலத்துக்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும் என்றார் பாதிரியார். கொர்ராதோ பட்டறைக்கு இறங்கி வந்தான். பலகைகளெல்லாம் அடுப்பில் போயிருந்தன. மீதி இருந்தவை ஒரு சாண் கனத்து வேலை மேஜையும் தாள் கனத்து வினீர்களும்தான். ஒன்றை அறுக்க ஒரு நாள் ஆகும், மற்றொன்றில் ஆணி நிற்காது. பக்கச் சட்டங்களுக்கு மேஜை இழுப்பறைகளை உடைத்தான். அடிக்கும் மூடிக்கும் ஒன்றும் இல்லை. சுவரில் சாய்த்திருந்த லாந்தீனி வீட்டுக் கதவுகளைப் போர்த்திய துணியை விலக்கினான்.

டெல்ஃபினா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கதவு நம்மளுது இல்ல, கொர்ராதோ."

அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருஷமாகப் பிறத்தியார் சாமானைக் காத்துக் காத்துப் பழகிய வாய், அது தானாகச் சொல்லிற்று. ஆனால் மாடிப்படியில் ஆர்ஜியா நின்றிருந்தாள், கையில் குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுபோகும் தண்ணீர்ச் செம்போடு. காதில் விழுந்ததும் திரும்பி மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கீழே நடந்ததை அவள் பார்க்கவில்லை. என் அப்பா பார்த்தார், உதவிக்கு வந்தவர் அவர். கொர்ராதோ ரம்பத்தை எடுத்துக் கதவின் மேல் வைத்தான், கோடுகூடப் போடாமல். டெல்ஃபினா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கத்தான் பிடிக்கிறாள் என்று அப்பா நினைத்தார்.

"இரு. இப்படி அறுத்தா பூவெல்லாம் சிதறிடும்," என்றாள்.

இரும்பு அளவுகோலை வைத்து, வினீர் வெட்டும் கத்தியால் கோடு கிழித்துக் கொடுத்தாள். பிறகு அவன் அறுக்க அறுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆணி அடிக்கும்போது எந்தப் பக்கம் வெளியே என்று அவன் கேட்டான். பூ உள்பக்கம் இருக்கட்டும் என்றாள். சாயங்காலம் தோட்டத்துக்குத் தூக்கிப் போனபோது நாங்கள் எல்லோரும் கண்டது கீல் பதிந்த தழும்போடு ஒரு வெறும் பாப்லர் பெட்டி.

அன்றிலிருந்து ஆர்ஜியா நாத்தனாரிடம் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சூப்பை ஊற்றித் தட்டை அவள் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். பட்டறைக்குள்ளும் காலை வைக்கவில்லை. தெருவில் இன்னொருவர் கடைக்குப் பாலிஷ் போடப் போனாள். அவளுடைய சத்தம் முற்றத்தில் நின்றுபோனது எங்களுக்கெல்லாம் என்னவோ போல் இருந்தது. கொர்ராதோ இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பான். டெல்ஃபினா தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல முயன்றதே இல்லை.

இலையுதிர் காலத்தில் லாந்தீனி அம்மாள் வீடு திரும்பினாள் என்று தெரிந்ததும் தம்பி போய்ச் சொல்வதாகச் சொன்னான். டெல்ஃபினா விடவில்லை, தானே மேடேறிப் போனாள். அந்த அம்மாள் அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டாள். கதவில்லாத அலமாரி எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "என் மாமியார் உயிரோட இருந்தவரைக்கும் அந்த அலமாரிச் சாவிய என் கையில குடுத்ததே இல்ல," என்றாளாம். பிறகு, "நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல. அதனால அத விடு."

டெல்ஃபினா, கதவுகளைத் திரும்பச் செய்து தருகிறேன் என்றாள்.

"செய்யி. அவசரம் இல்ல. ஆனா அதே மாதிரி செய்யி," என்றாள் லாந்தீனி அம்மாள்.

அதே மாதிரி செய்ய, பார்த்துச் செய்ய ஒன்றும் இல்லை. தெளியவைத்த முதல் கதவு டெல்ஃபினாவின் விரலில் இருந்தது. எந்த இதழுக்கு எந்த மரம், எந்த ஓரம் எவ்வளவு கருகியது என்று கண்ணை மூடிச் சொல்வாள். இரண்டாவதை அவள் தார் போன்ற கறுப்பாகத்தான் கண்டிருந்தாள். ஜோடிக் கதவு என்றால் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. அப்படித்தானே இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

வசந்தம் வந்ததும், தோட்டங்களிலும் பூங்காக்களிலும் அவசரத்தில் புதைத்தவர்களை எல்லாம் கல்லறைக்கு மாற்ற நகராட்சி உத்தரவிட்டது. இல்வாவை சொஃபியானோ கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஈர மண்ணில் வஜ்ஜிரம் இளகிவிடும், பெட்டி முழுதாக வராது என்று தெரிந்து கொர்ராதோ புதுப் பெட்டி ஒன்று செய்திருந்தான், நல்ல செஸ்ட்நட் மரத்தில். அன்று காலை மடத்து வாசலில் நாங்கள் கூடியிருந்தோம். கறுப்புச் சால்வையோடு டெல்ஃபினாவும் வந்தாள். ஆர்ஜியா அவளைப் பார்த்தாள். எட்டு மாதமாகப் பேசாதவள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்:

"பூவப் பாத்து வரைஞ்சுக்க வந்தியா?"

டெல்ஃபினா உள்ளே வரவில்லை. மடத்துச் சுவர் ஓரமாக, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். உள்ளே மண்வெட்டிச் சத்தம் நின்று, எல்லாம் முடிந்து, வண்டி வெளியே வரும்வரை அப்படியே நின்றாள். வண்டிக்குப் பின்னால், கடைசி ஆளாக, கல்லறை வரை நடந்தாள்.

பிறகு கதவுகளைத் தொடங்கினாள். பிழைப்புக்கான வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான் இதைச் செய்ய முடிந்தது. போர் முடிந்த காலத்தில் யார் வினீருக்கு அலைவார்கள்? நல்ல வால்நட் வேர் கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. கிடைத்ததை விரித்து ஒட்டிப் பார்த்தால் சுழி ஒத்துவராது, மறுபடி தேடுவாள். மேப்பிள் துண்டை இலைக்காகப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்தால் வெயிலில் நிறம் ஓடிவிடும், மறுபடி ஊறவைப்பாள். மயிரிழை ரம்பத்தால் வெட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி, மணலில் ஒவ்வொன்றாகக் கருக்கி, முகர்ந்து பார்த்து வைப்பாள். கொர்ராதோ பலகைகளைச் செய்து கொடுத்தான். அந்தக் கதவுகள் பட்டறையில் வளர்ந்ததை முற்றத்தில் எல்லோரும் வந்து வந்து பார்த்தோம், ஆர்ஜியாவைத் தவிர.

நாற்பத்தெட்டில் ஒட்டி முடித்து, தேய்த்து, மட்டமாக்கிவிட்டாள். பாலிஷ்தான் பாக்கி. பாலிஷ் போடாத வினீர் சோர்ந்து, சாம்பல் பூத்து இருக்கும். எந்த மரம் எந்த மரம் என்றே தெரியாது. வெளியாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் டெல்ஃபினா. கொர்ராதோ, எதற்கும் மறுப்புச் சொல்லாதவன், வேண்டாம் என்றான். ஏன் என்று சொல்லவில்லை. சரியென்று டெல்ஃபினா தானே அரக்கைக் கரைத்து, துணிப் பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வராத வேலை அது. துணிப் பந்து நிற்காமல் வட்டமாக ஓடவேண்டும், ஒரு மூச்சு நின்றால் அங்கே ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். மூன்று நாள் பாடுபட்டாள்.

நாலாம் நாள் ஆர்ஜியா வேலைக்குப் போக முற்றத்தைக் கடந்தாள். பட்டறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே வெயில் விழுந்திருந்தது. நான் எங்கள் சன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நின்றாள். ஓரடி போனாள், மறுபடி நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"யாரு இதுக்குப் பாலிஷ் போட்டது? மாடு நக்கின மாதிரி இருக்கு."

டெல்ஃபினா எழுந்து நின்றாள்.

"எண்ணெய் எங்க? எண்ணெய் தொடாம தேய்ச்சா இழுக்கத்தானே செய்யும். குடு இங்க."

துணிப் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்து மூலையில் எறிந்தாள். புதிதாகக் கட்டினாள். ஸ்பிரிட் போட்டு எல்லாவற்றையும் கழுவி எடுத்தாள், உட்கார்ந்தாள். நாள் முழுக்க அந்தப் பட்டறையில் துணி ஓடும் சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் இல்லை. மறுநாளும் வந்தாள். தான் வேலை பார்த்த கடைக்கு ஆள் அனுப்பி, உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள்.

முதல் கதவு முடிந்து இரண்டாவதில் பளபளப்பு ஏறிக்கொண்டிருந்தபோது, பறவை மேல் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. பாலிஷ்காரியின் கை அப்படி நிற்கவே கூடாது. அதன் பிறகு நடந்த பேச்சை டெல்ஃபினாவே பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள், ஒரே ஒரு தடவை.

"இது இப்படி இல்ல," என்றாள் ஆர்ஜியா. "இது நேரா பாக்குது. பழைய கதவுல அது தலையத் திருப்பி, முதுகுக்கு மேல பின்னால பாத்துட்டு இருந்துச்சு."

"ரெண்டாவது கதவு கறுப்பாத்தானே இருந்துச்சு. உனக்கெப்படித் தெரியும்?"

"அதுதான் பெட்டிக்கு மூடி. மூடறப்ப கிட்டத்துல பாத்தேன். நான் பாலிஷ்காரி. அழுக்குக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கறதுதான் என் பொழப்பு." துணிப் பந்தைக் கீழே வைத்தாள். "அவ மொகத்தப் பாத்துட்டு இருந்துச்சு."

டெல்ஃபினா எழுந்தாள். இஸ்திரிப்பெட்டியை அடுப்பில் வைத்தாள், ஒரு துணியை நனைத்தாள். வஜ்ஜிரம் நல்ல பசை. சூடும் ஈரமும் பட்டால் நூறு வருஷம் கழித்தும் பிடியை விடும். பறவையை மட்டும் கிளப்பி எடுத்து, தலையைத் திருப்பி வெட்டி, மறுபடி பதித்துவிடலாம். பாலிஷ் அந்த இடத்தில் கெடும், பரவாயில்லை. அதே மாதிரி என்றுதான் அந்த அம்மாள் கேட்டிருந்தாள்.

ஆர்ஜியா அவள் கையைப் பிடித்தாள்.

"விடு. இத இப்படியே விடு. அது இல்வாவோடது. இது வேற கதவு."

இஸ்திரிப்பெட்டி அடுப்பிலேயே இருந்தது. டெல்ஃபினா ஈரத்துணியை மடித்து வைத்தாள். அன்றைக்குத் தான் சொன்ன வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றாள்.

"இருந்திருக்கலாம்தான்," என்றாள் ஆர்ஜியா. "நீ சொன்னது பொய் இல்ல. ஆனா அன்னிக்கு அத நான் கேட்டிருக்க வேண்டாம்." துணிப் பந்தை மறுபடி அரக்கில் தொட்டாள். "தோட்டத்துல எடுத்தப்ப பலக ஓரத்தப் பாத்தேன். ஒரு பிசிறு இல்ல. அது கொர்ராதோ கை இல்லன்னு அப்பவே தெரியும். யாரு கோடு போட்டதுன்னும் தெரியும்."

"தெரிஞ்சா இத்தன வருஷம்?"

"ஆமா. தெரிஞ்சுதான். என்னால முடியல, அக்கா."

மறுபடி வேலையில் குனிந்துகொண்டாள். அப்போது அழுதீர்களா என்று டெல்ஃபினாவிடம் நான் கேட்டேன். மணல் சட்டியைக் கழுவினேன் என்றாள், கழுவ வேண்டிய தேவையே இல்லாத சட்டியை.

கதவுகளைக் கைவண்டியில் வைக்கோல் பரப்பி மேட்டுக்கு ஏற்றினார்கள். மூன்று பேரும் போனார்கள். கொர்ராதோ கீல்களைப் பூட்டினான். வெயில் மேற்கே சாய்ந்து சன்னல் வழியாக வந்த நேரம். லாந்தீனி அம்மாள் இரண்டு கதவுகளையும் மூடி, திறந்து, மறுபடி மூடினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுல இவ்வளவு பூவா இருந்துச்சு?" என்றாள். அவளும், அவளுக்கு முன்னால் மாமியாரும் கறுத்த கதவையே கண்டிருக்கிறார்கள். எது எப்படி இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவர் எவரும் இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். டெல்ஃபினாவுக்கு அது முடியாது. ஒரு பறவையின் தலை பழைய மாதிரி இல்லை, தெரிந்தேதான் விட்டோம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. ஆர்ஜியாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள்.

"நான் அந்தப் பறவைய இத்தன வருஷமா பேரிக்கான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

ஆர்ஜியாதான் முதலில் சிரித்தாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் முதல்முறை சிரித்தது அதுதான் என்று கொர்ராதோ எங்களிடம் வந்து சொன்னான்.

ஆர்ஜியா பட்டறைக்குத் திரும்பி வந்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இல்வாவின் பெயர் வந்தால் மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. கொர்ராதோ ஐம்பத்தெட்டாம் வருஷம் இதயம் நின்று போனான், இழைப்புளியைப் பிடித்த கையோடு. பெண்கள் இருவரும் பட்டறையை மூடவில்லை. சட்டம் செய்ய ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். ஆர்ஜியா அவனை வறுத்தெடுத்த வறுவலில் அவன் நல்ல தச்சனாகிவிட்டான். அமெரிக்கர்கள் பழைய சாமான் தேடி வரத் தொடங்கிய காலம், வேலைக்குக் குறைவில்லை. டெல்ஃபினாவுக்குக் கண் மங்கியது. மயிரிழை ரம்பத்தை விட்டுவிட்டு, மணல் சட்டியை மட்டும் வைத்துக்கொண்டாள். அதற்குக் கண் தேவையில்லை. மூக்கும் விரலும் போதும். சாப்பிடும்போது ஆர்ஜியா தட்டை அவள் பக்கம் தள்ளுவதில்லை, கையில் கொடுப்பாள். கொடுக்கும்போதே ஏதாவது திட்டுவாள்.

அறுபத்து மூன்று பிப்ரவரியில் டெல்ஃபினாவுக்கு நெஞ்சுச்சளி கட்டியது. ஒரு வாரம் படுத்திருந்தாள். தொல்லையில்லாமல் போய்ச் சேர்ந்தாள். ஆர்ஜியா தெருவில் யாரோடும் சண்டை போடாமல் ஒரு மாதம் இருந்தாள், பிறகு போடத் தொடங்கினாள்.

சொஃபியானோவில் கொர்ராதோவுக்கு இல்வாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. டெல்ஃபினாவுக்குக் கிடைக்கவில்லை. வெகுதூரம் தள்ளி, சைப்ரஸ் மரங்களுக்கு அந்தப் பக்கம், மேட்டில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஆர்ஜியாவோடு போவேன். வாசலில் பூ வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்வாள். முதலில் எந்தப் பக்கம் போவது என்பதை அங்கே நின்றுதான் முடிவு செய்வாள். சில ஞாயிறு இப்படி, சில ஞாயிறு அப்படி.